கேட்டுவிட்டுப் போகிறவர்கள்

திங்கட்கிழமை காலையில் எந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனாலும் ஏறக்குறைய ஒரே காட்சிதான். மரத்தடியில் மனு எழுதித் தருகிறவர்கள், பிளாஸ்டிக் பைக்குள் சான்றிதழ்களைச் சுருட்டி வைத்திருக்கும் முதியவர்கள், பிள்ளையைத் தோளில் சாய்த்தபடி வரிசையில் நிற்கும் தாய்மார்கள். மக்கள் குறைதீர்க்கும் நாள் அது. உள்ளே பல துறைகளின் அதிகாரிகள் ஒரே கூடத்தில் அமர்ந்திருப்பார்கள். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில், கல்லூரி அடையாள அட்டையும் குறிப்பேடுமாக இரண்டு மூன்று இளைஞர்களைச் சில மாவட்டங்களில் பார்க்கலாம். சமூகப்பணி முதுகலை படிப்பவர்கள், களப்பணிக்கு வந்திருப்பவர்கள்.

இவர்கள் அங்கே இருப்பதால் யாருக்கு என்ன கிடைக்கிறது? மாணவருக்கு மதிப்பெண்ணும் சான்றிதழும் கிடைக்கின்றன. அலுவலகத்துக்குக் கூடுதலாக இரண்டு கைகள் கிடைக்கின்றன. மனுவோடு நிற்கும் பாட்டிக்கு என்ன கிடைக்கிறது? அடுத்த ஆண்டு அந்த மாவட்டம் தீட்டும் நலத்திட்டத்துக்கு என்ன கிடைக்கிறது? களப்பணியைப் பற்றிப் பேசும்போது முதல் இரண்டு பதில்களோடு நாம் நின்றுவிடுகிறோம். பின்னிரண்டு கேள்விகளையும் வைத்துத்தான் இந்த வழக்கத்தை எடைபோட வேண்டும்.

வேர்கள்

இந்தியாவில் சமூகப்பணிக் கல்வி வகுப்பறையில் பிறக்கவில்லை. பம்பாயின் நாக்பாடா பகுதியில் ஏழைக் குடியிருப்புகளுக்கு நடுவே சமூக மையம் நடத்திய கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்கர்தான், 1936-இல் தொடங்கிய டாட்டா சமூகப்பணிப் பள்ளியின் முதல் இயக்குநர். இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் அதுவே. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் சமூகப்பணிப் பள்ளியை நிறுவியபோதும், சேவை அமைப்புகளை நடத்திய அனுபவத்திலிருந்துதான் அது எழுந்தது. களம் முன்னே இருந்தது, பாடம் பின்னே வந்தது. அதனால்தான் வாரத்துக்கு இரண்டு நாள் களப்பணி, சில நாள் கிராமப்புற முகாம், படிப்பின் முடிவில் ஏறத்தாழ ஒரு மாதத் தொடர் பயிற்சி என்ற முறை இந்தப் படிப்போடு ஒட்டியே வந்திருக்கிறது.

மருத்துவமனை, காப்பகம், தொண்டு நிறுவனம் என்று போய்க்கொண்டிருந்த மாணவர்கள் இப்போது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, சமூகநல அலுவலகம், மகளிர் திட்டம், பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் என்று அரசின் வாசலுக்கும் வருகிறார்கள். இளங்கலை மாணவர்களுக்கு 60 முதல் 120 மணி நேர இன்டர்ன்ஷிப்பைப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்துவிட்டதால், இந்த வரிசை இன்னும் நீளும். ஆகவே குறை நிறைகளை இப்போதே பேசிவிட வேண்டும்.

அலுவலகம் பார்க்காத முழு வீடு

களப்பணியின் பெரிய வலிமை, மாணவர் ஒரு வீட்டை முழுதாகப் பார்க்கிறார் என்பது. அரசு அப்படிப் பார்ப்பதில்லை. அதன் அமைப்பு அப்படிப் பார்க்க விடுவதில்லை. ஒரு வீட்டில் விதவைப் பாட்டி, கால் ஊனமுற்ற மகன், பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்ட பேத்தி, கைக்குழந்தையோடு மருமகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாட்டியின் உதவித்தொகை வருவாய்த்துறையில் இருக்கிறது. மகனின் அடையாள அட்டை மாற்றுத்திறனாளிகள் நலத்துறையில். பேத்தி கல்வித்துறையின் இடைநின்றோர் பட்டியலில். கைக்குழந்தை அங்கன்வாடியின் எடைப் பதிவேட்டில். மருமகள் சேர்ந்திருக்கும் சுயஉதவிக் குழுவோ ஊரக வளர்ச்சித் துறையின் கீழ். ஒரே கூரைக்குக் கீழ் இருப்பவர்கள் ஐந்து துறைகளின் கோப்புகளில் ஐந்து அந்நியர்களாக இருக்கிறார்கள்.

பேத்தி பள்ளியை விட்டது பாட்டியின் பணம் நின்றுபோனதால்தான் என்பது எந்தக் கோப்பிலும் இருக்காது. திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தவருக்கே அது தெரியும். அப்படி உட்கார நேரம் இருப்பவர் அந்த மாவட்டத்தில் பெரும்பாலும் மாணவர் ஒருவரே. கிராம நிர்வாக அலுவலருக்கு அந்த நேரம் இல்லை. அங்கன்வாடிப் பணியாளருக்கு ஒரு கையில் குழந்தைகள், மறு கையில் கைப்பேசிச் செயலி.

மாணவருக்குள் நடக்கும் மாற்றமும் சிறியதல்ல. ஆதாரில் ஓர் எழுத்து, ரேஷன் அட்டையில் வேறோர் எழுத்து என்பதற்காக ஒரு மனு திரும்பி வருவதை நேரில் பார்த்தவர், விதி என்பது தாளில் எப்படி இருக்கிறது, மனிதர் மேல் எப்படி விழுகிறது என்ற வேறுபாட்டை மறக்கமாட்டார். பின்னாளில் அவர் அதிகாரியாகவோ ஆய்வாளராகவோ ஆனால், ஒரு விண்ணப்பப் படிவத்தை வடிவமைக்கும்போதே அந்த முகம் அவருக்கு நினைவில் வரும்.

இந்த வலிமை எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. வன்முறைக்கு ஆளான பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவ, டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 1984-இல் மும்பைக் காவல்துறையோடு சேர்ந்து, காவல்துறை வளாகத்துக்குள்ளேயே ஒரு சிறப்புப் பிரிவைத் தொடங்கியது. 1996-இல் அதே நிறுவனத்தின் களச் செயல்திட்டமாகத் தொடங்கியதுதான் குழந்தைகளுக்கான 1098 உதவி எண். ஆசிரியரும் மாணவரும் தெருவோரக் குழந்தைகளிடையே செய்த வேலை, நாடு முழுவதும் பரவி அரசின் அமைப்பாகவே ஆனது. ஆனால் அங்கே மாணவர்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் திட்டம் நிலைத்து நின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். நம் மாவட்டங்களில் பெரும்பாலும் இல்லாதது அதுதான்.

கொள்கை எங்கே, மாணவர் எங்கே

முதல் குறை இடம் பற்றியது. மாவட்ட அலுவலகத்தில் மாணவர் பார்ப்பது திட்டம் வழங்கப்படும் விதம். திட்டம் தீர்மானிக்கப்படும் விதம் அன்று. முதியோர் உதவித்தொகையை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் அது 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் 60 முதல் 79 வயது வரையுள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக 200 ரூபாயிலேயே நிற்கிறது. மீதியை மாநிலம் சுமக்கிறது. அது ஏன் உயரவில்லை, மாநிலத்தால் எத்தனை பேருக்கு மட்டும் கொடுக்க முடிகிறது, தகுதி விதி இறுகுவதற்கும் இந்த நிதிச் சுமைக்கும் தொடர்பு உண்டா என்பன கொள்கைக் கேள்விகள். தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்திருக்கும் மாணவரின் காதில் இவை விழுவதே இல்லை. விண்ணப்பம் தள்ளுபடியானது மட்டும் தெரிகிறது. அதை எழுத்தரின் கடுமை என்று நினைத்துக்கொண்டு அவர் கல்லூரிக்குத் திரும்புகிறார்.

மாவட்ட அளவில் திட்டமிடுவதற்கு அரசியலமைப்பில் இடம் இருக்கிறது. 74-ஆவது திருத்தம் கொண்டுவந்த 243இசட்டி பிரிவு, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு திட்டக்குழு வேண்டும் என்கிறது. அதன் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதோர் உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஊராட்சித் திட்டங்களையும் நகராட்சித் திட்டங்களையும் சேர்த்து மாவட்டத்துக்கு ஒரே வளர்ச்சித் திட்டம் வரைவது அதன் வேலை. மாவட்டத் திட்டமிடலைக் கற்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. மாணவர்களை அங்கே அனுப்பும் பழக்கமோ வேரூன்றவில்லை.

ஆளில்லாத நாற்காலி

இரண்டாவது குறை, மாணவர் எதற்குப் பயன்படுகிறார் என்பது. பட்டியலைத் தட்டச்சு செய்வது, இணையத்தில் பதிவேற்றுவது, விழிப்புணர்வு நிகழ்ச்சிக்கு ஆள் சேர்ப்பது, பதாகை பிடித்து நிற்பது என்று பல வாரங்கள் கழிகின்றன. இதற்கு அலுவலர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. குழந்தைகள் பாதுகாப்பு அலகு போன்ற இடங்களில் பணியாளர்களே ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார்கள். தங்கள் வேலையையே முடிக்க முடியாமல் திணறுகிறவர்களிடம், மாணவரையும் பயிற்றுவிக்கச் சொல்கிறோம். அதற்கென நேரமும் ஒதுக்கவில்லை, ஊதியமும் தரவில்லை. ஆளில்லாத நாற்காலியில் மாணவரை உட்கார வைப்பது இயல்பாகவே நடந்துவிடுகிறது. அதன் தீமை பயிற்சி கெடுவதோடு நிற்பதில்லை. ஆண்டுதோறும் இலவசமாக ஆள் வருகிறது என்றால், காலிப் பணியிடத்தை நிரப்பும் அவசரமும் குறைந்துவிடுகிறது.

மூன்றாவது குறை பணம். புதுதில்லியில் நிதி ஆயோக்கின் இன்டர்ன்ஷிப்புக்கு ஊதியம் கிடையாது. அங்கே தங்கிச் சாப்பிட வழியுள்ள வீட்டுப் பிள்ளையே கொள்கை வகுக்கும் மேசைக்கு அருகில் போக முடிகிறது. பெரிய நிறுவனங்களில் பயிற்சி பெறுவோருக்கு மாதம் 5,000 ரூபாய் தரும் பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டத்தை 2024-இல் கொண்டுவர அரசால் முடிந்திருக்கிறது. நலத்துறைகளில் பயிலும் மாணவருக்கு அதில் பாதியாவது தர முடியாதா? ஆஸ்திரேலியாவில் செவிலியர், ஆசிரியர், சமூகப்பணி மாணவர்கள் கட்டாயக் களப்பயிற்சியின்போது வருமானம் இழக்கிறார்கள் என்ற முறையீடு எழுந்தது. அதன் பயனாக 2025 ஜூலையிலிருந்து, தேவையுள்ளோருக்கு வாரம் 300 டாலருக்கு மேல் உதவித்தொகை தருகிறார்கள். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் நல்ல ஊதியத்தோடு இரண்டு ஆண்டுகள் இளைஞர்களை அரசின் திட்டங்களோடு இணைக்கிறது. ஆனால் ஓர் அணியில் மிகச் சிலர்தான். பகுதிநேர வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் முதல் தலைமுறை மாணவருக்கு, வாரம் இரண்டு நாள் களப்பணி என்றால் இரண்டு நாள் கூலி போனது என்று பொருள். வறுமையை உள்ளிருந்து அறிந்த அவர்தான் இந்தத் துறைக்கு மிகவும் தேவைப்படுகிறவர்.

"போன வருஷமும் ஒரு பிள்ளை வந்துச்சு"

நான்காவது குறையைத்தான் நான் மிகப் பெரியதாகக் கருதுகிறேன். களப்பணியில் மாணவர் கற்பதற்கு, மற்றொருவர் தன் வாழ்க்கையைத் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது. கணவன் விட்டுப் போனதை, கடனை, மகனின் குடியை, ஓர் அந்நியரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. பருவம் முடிந்ததும் மாணவர் போய்விடுகிறார். அடுத்த ஜூனில் புதியவர் வந்து, அதே வீட்டு வாசலில், அதே கேள்விகளைக் கேட்கிறார். கல்லூரிகளுக்குப் பக்கத்துக் குடியிருப்புகளில், போன வருஷமும் ஒரு பிள்ளை வந்து கேட்டுவிட்டுப் போனது என்று பெண்கள் சொல்வதைக் களப்பணிக்குப் போனவர்கள் கேட்டிருப்பார்கள். அந்தச் சொல்லில் கோபம் குறைவு, அலுப்புதான் அதிகம். சொன்னதால் எதுவும் மாறவில்லை என்று கண்டுகொண்டவர்களின் அலுப்பு அது.

குழந்தைகள் விஷயத்தில் இது அலுப்போடு முடிவதில்லை. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடைசெய்கிறது. ஆனால் மாணவரின் பதிவேட்டில் ஊர், பள்ளி, தாயின் பெயர் எல்லாம் அடையாளம் தெரியும்படி எழுதப்பட்டு, வாய்மொழித் தேர்வு மேசையில் பலர் கை மாறுவது நடக்கக்கூடியதே. பதிவேடு எவ்வளவு தடிமனோ அவ்வளவு மதிப்பெண் என்ற பழக்கம் இருக்கும்வரை, தேவைக்கு மேல் எழுதும் தூண்டுதலும் இருக்கும். இத்தனை கேட்டு இத்தனை எழுதிய அந்தப் பதிவேடு கடைசியில் துறையின் அலமாரிக்குப் போகிறது. மாவட்டத் திட்டத்துக்குள் அதன் ஒரு வரிகூடப் போவதில்லை.

வாங்கியதைத் திருப்பித் தர

களப்பணியை நிறுத்திவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். அது போனால், ஒரு வீட்டை முழுதாகப் பார்க்கும் ஒரே கண்ணும் போய்விடும். செய்ய வேண்டியது, அந்தக் கண் கண்டதைத் திட்டத்துக்குள் கொண்டுவருவது.

அதற்குப் பெரிய சட்டம் எதுவும் வேண்டாம். முதலில், ஒரு கல்லூரி ஒரு வட்டாரத்தை ஐந்து ஆண்டுகளுக்காவது கைவிடாமல் ஏற்கட்டும். மாணவர் மாறினாலும் வேலை தொடரும். இரண்டாவது, குறைதீர்க்கும் நாளில் குவியும் மனுக்களை மாணவர்களுக்குப் பாடமாக்கலாம். பெயரை நீக்கிவிட்டு, எந்த ஊரிலிருந்து, எந்தத் திட்டத்துக்கு, என்ன காரணத்தால் மனுக்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று ஓராண்டுக்குத் தொகுத்தால், அதுவே மாவட்டத் திட்டக்குழுவின் மேசைக்கு உரிய அறிக்கை. தட்டச்சு வேலை அப்போது ஆய்வு ஆகிறது. மூன்றாவது, கண்டறிந்ததைக் கேட்ட ஊருக்கே திருப்பிச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. மாணவர்களின் தொகுப்பு அதில் ஒன்றிலாவது படிக்கப்பட்டு, ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தோடு சேரட்டும். தவறாக எழுதியிருந்தால் ஊரே திருத்தும். நான்காவது, பயணத்துக்கும் உணவுக்கும் ஒரு தொகை. பயிற்சி தரும் அலுவலருக்கு அதற்கென ஒதுக்கிய நேரம்.

ஓர் எதிர்வாதம் எழும். தன் குறையை மாணவர் எழுதினால் எந்த அலுவலகம் அடுத்த ஆண்டு கதவு திறக்கும்? நியாயமான அச்சம்தான். மாணவரின் மதிப்பெண்ணில் அலுவலகத்துக்கும் பங்கு இருப்பதால், உண்மையை மழுப்பும் ஆசை அவருக்கு வரவே செய்யும். அதனால்தான் தனித்தனி மாணவரின் அறிக்கையாக இல்லாமல், ஆசிரியர்கள் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்கும் வட்டாரத் தொகுப்பாக அது போக வேண்டும். தனி அலுவலரைச் சுட்டாமல், விதி எங்கே மனிதரைத் தவறவிடுகிறது என்று காட்டும் அறிக்கையைக் கண்டு நல்ல நிர்வாகம் பயப்பட வேண்டியதில்லை. அதை எழுதும் துணிவு கல்லூரிக்கு இல்லையென்றால், மாணவரிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது.

இவற்றில் எதுவும் உடனே நடக்காமல் போகலாம். ஒன்றை மட்டும் வரும் ஜூனிலேயே செய்ய முடியும். புதிய மாணவருக்கு வருகைப் பதிவேட்டைக் கொடுப்பதற்கு முன்னால், அந்த ஊருக்குப் போன ஆண்டு போனவர், பெயர்களை நீக்கி, வாக்குறுதிகளை நீக்காமல் எழுதிவைத்த குறிப்பேட்டைக் கையில் கொடுக்கலாம். அப்போது அவர் திண்ணையில் உட்கார்ந்ததும், "உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று தொடங்கமாட்டார். "போன வருஷம் சொன்ன மனு என்னாச்சு பாட்டி?" என்று கேட்பார்.