வர்க்கிக்கு யார் புத்தகம் எழுதுவது?

செப்டம்பர் பிறந்துவிட்டால் போதும், ஆங்கிலப் பதிப்பகங்கள் சமையல் புத்தகங்களை வரிசையாக இறக்க ஆரம்பித்துவிடும். அங்கே குளிர் தொடங்குகிற நேரம். அடுப்பு பக்கத்தில் நிற்பதே சுகமாக இருக்கும். கிறிஸ்துமஸுக்கு யாருக்காவது பரிசு கொடுக்க கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றும் வேண்டும். அதனால் "இந்த இலையுதிர் காலத்தில் எதிர்பார்க்க வேண்டிய பேக்கிங் புத்தகங்கள்" என்று ஒரு பட்டியல் வருடா வருடம் வந்துவிடுகிறது. நானும் விடாமல் படிப்பேன். வாங்குவது என்னவோ மூன்று வருடத்துக்கு ஒன்றுதான்.

நமக்கு இலையுதிர் காலம் என்று ஒன்று கிடையாது. அந்தப் பட்டியல் வரும் சமயத்தில் முசரவாக்கத்தில் ஐப்பசி அடைமழை. பாவு நீட்டிக் காயவைக்க வெயில் கிடைக்காதா என்று தறிக்காரர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீடுகளில் தீபாவளிப் பலகாரம் நடக்கும். அதற்கு வேண்டிய புத்தகம் ஏதாவது பத்திரிகையோடு இலவச இணைப்பாக வந்துவிடும். தமிழில் புத்தகங்களுக்கென்று ஒரு பருவம் உண்டென்றால் அது தை மாதம்தான். 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சியை வைத்துத்தான் பெரும்பாலான பதிப்பகங்கள் வேலை செய்கின்றன. அங்கே சமையல் அரங்குகளுக்குக் குறைவில்லை. ஆனால் பேக்கிங்குக்கு என்று தேடினால் "முட்டையில்லா கேக் 50 வகை" மாதிரி மெல்லிய புத்தகங்கள்தான் அதிகம் கையில் அகப்படுகின்றன.

சரி, அந்த ஆங்கிலப் பட்டியலில் நமக்கு என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

2024 இலையுதிர் காலத்தில் வந்தவற்றில் பென் மிம்ஸின் "க்ரம்ஸ்" பெரிய புத்தகம். உலகம் முழுக்க உள்ள பிஸ்கட், குக்கி வகைகளைத் திரட்டியிருக்கிறார். அதே பருவத்தில் கதரீனா செர்மெல் எழுதிய "தி எலிமென்ட்ஸ் ஆஃப் பேக்கிங்" வந்தது. அவர் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஒரு செய்முறையில் முட்டையை எடுத்தால், பாலை எடுத்தால், கோதுமைப் பசையத்தை எடுத்தால் என்ன ஆகும், அதை எப்படி ஈடுகட்டுவது என்பதுதான் புத்தகத்தின் பொருள். ஹேத்தல் வசவடாவின் "தேசி பேக்ஸ்" 2024இல் வந்தது. இந்தியச் சுவைகளை மேற்கத்திய பேக்கிங்குக்குள் கொண்டுவருகிறேன் என்று தலைப்பின் கீழேயே சொல்லிவிடுகிறது. 2025 பட்டியலில் ஹெலன் கோவும் டோரி க்ரீன்ஸ்பனும் இருக்கிறார்கள்.

இவற்றில் எதையும் நான் குறை சொல்ல வரவில்லை. என் குறை வேறு. நான் பார்த்த வரை இந்தப் பட்டியலில் ஊட்டி வர்க்கி இல்லை, தூத்துக்குடி மக்ரூன் இல்லை, டீக்கடைக் கண்ணாடி ஜாடியில் இருக்கிற பட்டர் பிஸ்கட் இல்லை. இந்தியா என்றால் ஏலக்காய், குங்குமப்பூ, ரோஜா, பிஸ்தா. அதாவது நாம் ஒரு மசாலா டப்பாவாகத்தான் அந்த உலகத்துக்குள் போகிறோம். நம்மிடம் சுவை மட்டும்தான் இருந்தது, அடுப்பு இல்லை, செய்முறை இல்லை, மாஸ்டர்கள் இல்லை என்பதுபோல.

உண்மை அப்படியில்லை. சென்னையில் ஸ்மித் ஃபீல்ட் பேக்கரி 1885இல் தொடங்கியது. அதற்கு முன்பே 1878இல் கர்னல் கென்னி ஹெர்பர்ட் "வைவர்ன்" என்ற புனைபெயரில் மதராஸ் சமையலறைகளுக்கென்றே ஒரு தடித்த புத்தகம் எழுதியிருக்கிறார். மலபார் பக்கம் தலச்சேரியில் மம்பள்ளி பாபு 1880இல் பிஸ்கட் தொழிற்சாலை ஆரம்பித்தார். 1883 கிறிஸ்துமஸுக்கு மர்டாக் பிரவுன் என்ற தோட்டக்காரர் இங்கிலாந்து கேக் ஒன்றைக் கொடுத்து அதே மாதிரி செய்யச் சொன்னதாகவும், பாபு உள்ளூர்ச் சரக்கைக் கொண்டே செய்து காட்டியதாகவும் அந்தக் குடும்பத்தின் கதை. 1898இல் ஹாசன் பக்கத்திலிருந்து வந்தவர்கள் பெங்களூரில் தொடங்கிய ஐயங்கார் பேக்கரி இன்று தெருவுக்குத் தெரு பரவிய ஒரு பாணி. யாழ்ப்பாணத்தில் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்த "பாண்" அன்றாட உணவு. பேக்கரிக்கு "வெதுப்பகம்" என்று அழகான ஒரு சொல்லையும் ஈழத்தமிழர்கள் புழக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

இதில் ஐயங்கார் பேக்கரியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முட்டையை எடுத்துவிட்டால் கேக்கைத் தாங்கிப் பிடிப்பது எது? செர்மெல் சோதனை செய்து விடை சொல்லும் கேள்வி இது. அதே கேள்விக்கு அந்த பேக்கரிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வேலையில் விடை கண்டிருக்கிறார்கள். ஒருவருடைய விடை புத்தகமாகி உலகம் சுற்றுகிறது. மற்றவருடைய விடை மாஸ்டரின் கையோடு நின்றுவிடுகிறது.

இங்கே எனக்குப் பிடித்த ஒரு புத்தகத்தைச் சொல்லியாக வேண்டும். கிறிஸ்டினா சோவின் "மூன்கேக்ஸ் அண்ட் மில்க் பிரெட்", 2021 அக்டோபரில் வந்தது. மறு வருடம் ஜேம்ஸ் பியர்ட் விருதுகளில் இரண்டை வாங்கியது. அமெரிக்க நகரங்களின் சீன பேக்கரிகளில் கிடைக்கும் சாதாரண பன், டார்ட், கேக் இவைதான் அதன் சரக்கு. யாரும் "உயர்ந்த" பேக்கிங் என்று மதிக்காத, மலிவான சரக்கு. அவர் செய்தது என்ன? அந்தக் கடைகளின் தர்க்கத்தைப் பிடித்தார். ஒரே ஒரு பால் ரொட்டி மாவு. அதைத் தாய் மாவாக வைத்துக்கொண்டு கிளை கிளையாக எத்தனையோ பன்கள். மாவில் ஒரு பங்கைப் பாலோடு முதலில் காய்ச்சிக் கூழாக்கிச் சேர்ப்பதால் ரொட்டி இரண்டு மூன்று நாள் மெத்தென்று இருக்கும் என்ற சூட்சுமத்தையும் எழுதி வைத்தார்.

நம் ஊர் பேக்கரியும் அப்படித்தானே? ஒரு பன் மாவு. அதுவே ஜாம் பன், க்ரீம் பன், தேங்காய் பன். மிஞ்சிய ரொட்டியை வெட்டி மறுபடி சுட்டால் ரஸ்க். உடைந்த கேக் வேறொன்றுக்குள் போய்விடும். எதுவும் வீணாகாது. இதை ஒரு முறையாக யாராவது எழுதியிருந்தால் எவ்வளவு நல்ல புத்தகமாக இருந்திருக்கும்!

"நம் சமையல் கைப்பக்குவம், அதை எழுத முடியாது" என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எஸ். மீனாட்சி அம்மாள் 1951லேயே "சமைத்துப் பார்" எழுதிக் காட்டினார். பக்கத்தில் பாட்டி இல்லாமல் தனிக்குடித்தனம் போகும் பெண்ணுக்கு, சாம்பார் முதல் ஊறுகாய் வரை அளவோடு சொன்ன புத்தகம். மெட்ரிக் அளவைகள் 1958க்குப் பிறகுதான் படிப்படியாக இங்கே வந்தன. அதற்கு முன் படியும் ஆழாக்கும்தான். ஆனாலும் "தேவையான அளவு" என்று சொல்லித் தப்பிக்காமல் அளவை எழுத வேண்டும் என்ற பிடிவாதம் அந்தப் புத்தகத்தில் இருந்தது.

பின்னால் வந்த பேக்கிங் குறிப்புகளில் அந்தப் பிடிவாதம் போய்விட்டது. "மைதா 1 கப்" என்கிறார்கள். யார் வீட்டுக் கப்? அமெரிக்கக் கப் ஏறக்குறைய 240 மில்லி. நம் வீட்டு டம்ளர் 200ம் இருக்கும், 250ம் இருக்கும். ஒரே கப்பில் மைதாவைத் தளர்வாக அள்ளினால் 120 கிராம், அழுத்தி அள்ளினால் 150 கிராம். சாம்பாரில் இந்த வித்தியாசம் ஒன்றும் செய்யாது, கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சரிசெய்துவிடலாம். கேக் அடுப்புக்குள் போனபிறகு யாரும் எதையும் சரிசெய்ய முடியாது. அதனால்தான் பேக்கிங் புத்தகத்தில் கிராம் கணக்கு கட்டாயம் வேண்டும் என்கிறேன்.

அடுத்தது வெயில். ஆங்கிலப் புத்தகம் "அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்" என்று சொன்னால் அது 20 டிகிரிப் பக்கம். அந்த நிலையில் வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து அடித்தால் காற்று உள்ளே தங்கும், கேக் எழும்பும். எங்கள் வீட்டு அறை வெப்பநிலை மழைக்காலத்திலேயே 28, 30. சித்திரையில் கேட்கவே வேண்டாம். வெண்ணெய் 32 டிகிரி தாண்டினால் எண்ணெயாகிவிடும். காற்று எங்கே தங்கும்? ரொட்டி மாவும் இதே கதைதான். புத்தகத்தில் "இரண்டு மணி நேரம் ஊறட்டும்" என்று போட்டிருந்ததை நம்பி, நானும் ஒரு பங்குனி மத்தியானம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் மாவு பொங்கி, அமுங்கி, புளித்த வாடை அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் புத்தகம் பொய் சொல்லவில்லை. அது வேறு ஊருக்கு எழுதியது. நம் பேக்கரி மாஸ்டர்கள் மாவு பிசையும்போது ஐஸ் தண்ணீர் ஊற்றுவார்கள். எவ்வளவு, எந்த மாதத்தில் என்பது அவர்களுக்குக் கைவந்த கணக்கு. அந்தக் கணக்கைத் தமிழ்ப் புத்தகம் எதிலும் நான் பார்த்ததில்லை.

மூன்றாவது அடுப்பு. எல்லார் வீட்டிலும் ஓவன் கிடையாது. தறி வைத்திருக்கும் வீட்டில் ஓவனுக்கு இடம்கூடக் கிடையாது. குக்கரில் கேஸ்கட்டையும் விசிலையும் எடுத்துவிட்டு, அடியில் உப்போ மணலோ பரப்பிக் கேக் செய்கிறவர்கள்தான் நம்மில் நிறையப் பேர். அந்தக் குக்கருக்குள் சூடு எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் ஏறுகிறது, அடி கருகாமல் மேல் எப்படி வேகும் என்று சோதித்து எழுதினால் அதுதான் நமக்கான பேக்கிங் புத்தகம். அதைவிட்டு "180 டிகிரியில் 35 நிமிடம்" என்று மட்டும் மொழிபெயர்த்துப் போடுவதில் என்ன பிரயோஜனம்?

செய்முறையை விட்டுவிட்டுப் பொருள்களை மட்டும் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஊரே சாட்சி. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லி மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து, மாவை ஊற்றி, மணிக்கணக்காக ஆவியில் வேகும். ஆவி 100 டிகிரியைத் தாண்டாது. பருமன் இரண்டு மடங்கானால் சூடு நடுவில் போய்ச் சேர ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். அந்த நேரம் முழுக்க இலையும் மூங்கிலும் சுக்கும் மிளகும் நெய்யும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கும். வெந்தபின் அதைத் துண்டு போட்டுத்தான் சாப்பிட வேண்டும். ஓவன் இல்லாத ஊரின் கேக் என்றே அதைச் சொல்லலாம். நான் புரட்டிய சமையல் புத்தகங்களோ மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம் என்று சரியாகப் பட்டியல் போட்டுவிட்டு, "டம்ளரில் ஊற்றி 15 நிமிடம் வேகவைக்கவும்" என்று முடிக்கின்றன. வருவது மிளகு போட்ட இட்லி. நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பெயர் மட்டும்தான் காஞ்சிபுரம். இன்னும் ஒரு தலைமுறை போனால் அந்த 15 நிமிட இட்லிதான் அசல் என்று ஆகிவிடும்.

வர்க்கிக்கும் அதே ஆபத்து இருக்கிறது. ஊட்டி வர்க்கிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு விண்ணப்பிக்கும்போது செய்முறையை எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஈஸ்டுக்குப் பதிலாக "மாவா" என்று ஒரு புளிப்பைத் தயார் செய்வது, மாவை மடித்து மடித்து அடுக்கு வரவழைப்பது, விறகு அடுப்பின் சூடு, நீலகிரியின் குளிர், எல்லாம் சேர்ந்ததுதான் வர்க்கி. இப்படி ஒரு பண்டத்தின் செய்முறை சமையல் புத்தகத்தில் இல்லாமல் அரசாங்கக் கோப்பில் இருக்கிறது. கோப்பு பெயரைக் காப்பாற்றும், போலிக்காரன் மேல் வழக்குப் போட உதவும். ஆனால் கோப்பைப் படித்து யாரும் வர்க்கி சுடப் போவதில்லை. தூத்துக்குடி மக்ரூனும் அப்படித்தான். வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. மூன்றே பொருள். வெள்ளைக்கருவை எந்தப் பதம் வரை அடிப்பது, கடற்கரை ஈரக்காற்றில் அதை எப்படிக் காப்பது, குறைந்த சூட்டில் எவ்வளவு நேரம் விடுவது என்பதில்தான் அத்தனையும் இருக்கிறது. மூன்று பொருளை மட்டும் எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும்.

ஆகவே வரும் பட்டியலில் நான் எதிர்பார்க்கும் புத்தகம் இன்னும் யாரும் எழுதாதது. எழுதுகிறவர் பெரிய சமையல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை. ஒரு தராசு, ஒரு வெப்பமானி, ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு நாலு ஊர் பேக்கரிகளில் விடியற்காலை போய் நிற்கத் தயாராக இருந்தால் போதும். மாஸ்டர் கை அள்ளுவதை ஒவ்வொரு தடவையும் நிறுத்துப் பார்க்க வேண்டும், மாவைத் தொட்டு "இன்னும் ஆகல" என்று அவர் சொல்லும்போது அதன் சூட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். மாஸ்டரின் பெயரை அட்டையிலேயே போட வேண்டும். விறகு அடுப்புகள் ஒவ்வொன்றாக மின்சார ஓவனுக்கு மாறிக்கொண்டிருக்கும்போது இந்த வேலையை அதிக நாள் தள்ளிப்போட முடியாது.

அது செப்டம்பரில் வந்தாலும் சரி, தையில் வந்தாலும் சரி. முன்பதிவு செய்து வாங்கிக்கொள்கிறேன்.