கோடிட்ட இடம்

காய்ச்சலில் நாலு நாள் படுத்துவிட்டு ஆபீசில் நீட்டுகிற மெடிக்கல் சர்ட்டிஃபிகேட்டை என்றைக்காவது முழுசாகப் படித்திருக்கிறீர்களா? இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ம் வருஷத்து நடத்தை விதிகளில் அதற்கு மாதிரிப் படிவம் இருக்கிறது. நோயாளியின் ரகசியத்தை டாக்டர் வெளியே சொல்லக் கூடாது. கோர்ட் உத்தரவு, பிறருக்குப் பெரிய ஆபத்து, அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய வியாதி என்றால்தான் விலக்கு என்கின்றன அதே விதிகள். சபாஷ் என்று பின்னிணைப்புக்கு வந்தால், படிவத்தில் என்ன வியாதி என்று நிரப்ப ஒரு கோடிட்ட இடம்! மூலமோ மனச்சோர்வோ, மேனேஜரிலிருந்து ஃபைல் தூக்குகிறவர் வரை படிக்கலாம்.

போதாதென்று சில ஹெச்.ஆர். ஆசாமிகள் டாக்டருக்கே போன் போடுகிறார்கள். 'சர்ட்டிஃபிகேட் நீங்க கொடுத்ததுதானா?' என்று கேட்கட்டும், தப்பில்லை. (பொய் சர்ட்டிஃபிகேட் நம் ஊரில் குடிசைத் தொழில்.) 'அவருக்கு என்ன பிரச்னை?' என்றால், 'அவரையே கேளுங்க' என்று டாக்டர் போனை வைத்துவிட வேண்டும்.

ஜெர்மனியில் முதலாளிக்குப் போகும் சான்றில் எந்தத் தேதிவரை வேலைக்கு வர இயலாது என்பது இருக்கும், வியாதியின் பெயர் இருக்காது. அங்கே ஃபாக்டரிகள் ஒன்றும் மூடிவிடவில்லை. அடுத்த முறை அந்தக் கோட்டில் 'மருத்துவக் காரணம்' என்று மட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆபீசில் வாங்கிக்கொள்வார்களா என்பது வேறு கதை.