தலைவன் பகைவன் ஆதல்: மற்போர்க் கூத்தில் ஒரு திரிபு

தொழில்முறை மற்போர் போரன்று, கூத்து. அதன் வெற்றி தோல்விகள் மல்லர் களம் புகுமுன்னரே வகுக்கப்பெறுகின்றன. மோதுகின்ற இருவரும் ஒருவரையொருவர் காத்துக்கொண்டே மோதுகின்றனர். இதனை அறியாதார் இக்காலத்து அரியர். அறிந்திருந்தும் மக்கள் திரளாகச் சென்று, ஒருவனை வாழ்த்தியும் மற்றொருவனை இகழ்ந்தும் ஆரவாரிக்கின்றனர் எனின், அவர்கள் காணச் செல்வது வலிமையின் அளவை அன்று, அறத்தின் நிகழ்ச்சியை என்பது போதரும். பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலான் பார்த், தொன்மங்கள் என்று பொருள்படும் பெயரோடு 1957-இல் வெளியிட்ட நூலின் முதற்கட்டுரையிலேயே இதனை விளக்கினார். தீயோன் விதியை மீறுதலும், அம்மீறலுக்குரிய ஒறுப்பை அவன் பெறுதலுமே மற்போர்க் காட்சியின் உயிர் என்பது அவர் கொள்கை.

அக்கொள்கை பெரும்பாலும் பொருந்துவதே. ஆயினும் அதில் ஓர் இடைவெளி உண்டு. மல்லனது உடலே அவன் ஏற்ற பாத்திரத்தை முதற்காட்சியில் அறிவித்துவிடும் என்றார் பார்த். பருத்துத் தளர்ந்த மேனியையுடைய தோவன் என்னும் மல்லனை இதற்கு எடுத்துக்காட்டாகவும் தந்தார். அங்ஙனமாயின், உடல் மாறாதிருக்கவும் பாத்திரம் மாறுவது எவ்வாறு? நேற்றுவரை நல்லோனாக நின்ற தலைவன் இன்று பகைவனாகி, அதற்கு அவன் கூறும் காரணமும் மறுத்தற்கு அரியதாக இருப்பின், காண்போர் அறவுணர்ச்சி எந்நிலை எய்தும்? வட அமெரிக்க மற்போரில் தலைவன் இவ்வாறு பக்கம் மாறுதல் நெடுநாள் வழக்கு. அவற்றுள் 1997-இல் நிகழ்ந்த பிரெட் ஹார்ட்டின் திரிபே ஆராய்ச்சிக்கு மிகவும் உரியது என்பது என் துணிபு. (பாத்திரத்தை ‘அவன்’ என்றும், அதனைத் தாங்கிய மனிதரை ‘அவர்’ என்றும் இக்கட்டுரை சுட்டும்.)

முதற்கண் இத்திரிபுகளின் பொது இயல்பை நோக்குவோம். 1987-இல் உலக மற்போர்க் கூட்டமைப்பின் அரங்கில் ஹல்க் ஹோகன் மூன்றாண்டு வாகை சூடியிருந்தமைக்காகப் பெரியதொரு கோப்பை பெற்றான். பதினைந்தாண்டு தோல்வியே அறியாதவன் எனப் போற்றப்பெற்ற அவன் நண்பன் ஆந்திரே பெற்றது அதனினும் சிறியது. அச்சிறு கோப்பை வழங்கப்பெற்ற வேளையிலும் ஹோகனே இடைபுகுந்து பேசினான். ஆந்திரேயின் மனக்குறை பொய்யன்று. 1989 பிப்ரவரி 3-இல் நிகழ்ந்த இரட்டையர் போரில், மயங்கி வீழ்ந்த எலிசபெத்தைத் தூக்கிக்கொண்டு ஹோகன் அரங்கைவிட்டு ஏகினான். அவன் துணைவனாகிய ராண்டி சாவேஜ் இரு பெருமல்லர்க்கிடையே தனியனாக விடப்பட்டான். எலிசபெத் சாவேஜின் பக்கத்தவள் என்பதும், அதற்குச் சின்னாள் முன்னர்ப் பலர் பொருத களத்திலிருந்து சாவேஜை வெளியே தள்ளியவனும் ஹோகனே என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கன. இங்கும் குறை மெய்யே.

ஆயினும் இவ்விருவரையும் மக்கள் தயக்கமின்றி வெறுத்தனர். காரணம் யாது? மெய்யான குறையைத் தொடர்ந்து மிகையான வினையொன்று வைக்கப்பெறுகிறது. ஆந்திரே ஹோகனது சட்டையைக் கிழித்து, அவன் கழுத்திலிருந்த சிலுவையையும் அறுத்தெறிந்தான். சாவேஜ் மருத்துவ அறையிலேயே ஹோகனைத் தாக்கினான். அம்மிகை வினை காண்போர்க்குச் செய்யும் உதவி பெரிது. குறையை மறந்துவிட்டு வினையை மட்டும் வெறுக்க அஃது இடந்தருகிறது. வகுத்தோர் இதனை நன்கறிந்தே வகுத்தனர் எனலாம். நியாயமுடைய பகைவன் என்று நாம் இன்று வியக்கும் பாத்திரங்களிற் பல, உண்மையில் நியாயத்தை மறைத்தற்கென அமைந்த சூழ்ச்சியின் எச்சங்களே.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலுள் வெகுளிக்கு நான்கு நிலைக்களன் வகுத்தார்: உறுப்பை அறுத்தல், குடியை நலிதல், அலைத்தல், கொல்லுதல். நான்கும் பகைவன் செய்வன. கண்டு நிற்போர் செய்வன அல்ல. ஆந்திரேயின் வெகுளியும் சாவேஜின் வெகுளியும் ஹோகன் ஒருவனையே நோக்கின. பிரெட் ஹார்ட்டின் வெகுளியோ இறுதியிற் சென்று தைத்தது எதிரியை அன்று. இருக்கையில் அமர்ந்து காண்பாரை. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு கதையைத் தொடர்வோம்.

பிரெட் ஹார்ட் 1957-இல் கனடாவின் கால்கரி நகரிற் பிறந்தவர். தந்தை ஸ்டூ ஹார்ட் தம் இல்லத்தின் நிலவறையிலேயே மல்லர் பலரைப் பயிற்றுவித்தவர். பிரெட் ஏற்ற பாத்திரமோ ஆரவாரமற்றது. வெண்சிவப்பும் கருமையும் கலந்த உடை. அளந்து செய்யும் பிடிகள். களம் புகுமுன் தன் கண்ணாடியைக் கழற்றி முன்வரிசைச் சிறுவன் ஒருவனுக்கு அணிவித்தல். 1992-இல் முதன்முதல் வாகை சூடினான். 1996 மார்ச்சு 31-இல் ஷான் மைக்கேல்ஸோடு அறுபது நிமிடம் பொருதும் எவரும் வெல்லாமையின், வாகை தன்னிடமே நின்றதென எண்ணி அவன் களம் நீங்கினான். அப்பொழுது போர் நீட்டிக்கப்பெற்று, அந்நீட்டிப்பில் அவன் தோற்றான். பின்னர்ச் சில திங்கள் ஒதுங்கியிருந்து, நவம்பரில் மீண்டு ஸ்டீவ் ஆஸ்டினை வென்றான்.

மீண்டு வந்த களம் அவன் விட்டுச்சென்ற களமாக இல்லை. 1997 சனவரி 19-இல் முப்பதின்மர் கலந்த போரில் ஆஸ்டினை அவன் வெளியே எறிந்தான். நடுவர்கள் வேறொரு பூசலை விலக்கிக்கொண்டிருந்தமையால் அதனைக் காணவில்லை. ஆஸ்டின் மீண்டும் உள்ளே நுழைந்து, பிரெட்டை எறிந்து, வெற்றியும் பெற்றான். பிப்ரவரி 16-இல் பிரெட் வாகை சூடினான்; மறுநாளே ஆஸ்டினது குறுக்கீட்டால் சிட் என்பானிடம் அதனை இழந்தான். மார்ச்சு 17-இல் இரும்புக் கூண்டுப் போரிலும் வேறொருவன் இடையூற்றால் தோற்றான். வினவ வந்த வின்ஸ் மக்மேனைத் தள்ளி வீழ்த்தி, தனக்கு இழைக்கப்பட்ட அநீதிகளைச் சினந்து எடுத்துரைத்தான்.

இவ்வரிசையை ஊன்றி நோக்குக. அவன் கூறிய குறைகளுள் ஒன்றேனும் பொய்யன்று. காண்போர் அனைவரும் தம் கண்ணாற் கண்டவையே. ஆயினும் அவர்கள் மனம் அவனை விட்டு நீங்கியது. விதியை மீறியவன் ஆஸ்டின். வாழ்த்துப் பெற்றவனும் ஆஸ்டினே. மக்களுக்கு நல்லோன் என்பானது இலக்கணமே அக்காலத்து மாறிக்கொண்டிருந்தது. முறைப்படி பொருது முறையிட்டு நிற்பவனைவிட, முறையைப் பொருட்படுத்தாது நடப்பவனை அவர்கள் விரும்பினர். பழைய அறத்தைப் பற்றி நின்றவன் புதிய அறத்தின்முன் புலம்பும் ஒருவனாகத் தோன்றினான். பார்த் கூறிய ஒறுப்பு இங்குத் தலைகீழாயிற்று.

1997 மார்ச்சு 23-இல், சிகாகோவையடுத்த ரோஸ்மாண்ட் நகரில், இருவரும் மோதினர். தோல்வியை ஒருவன் தானே ஒப்புக்கொள்ளும்வரை போர் ஓயாது என்பது விதி. கென் ஷாம்ராக் நடுவன். இறுதியில் பிரெட் தனக்குரிய ஷார்ப்ஷூட்டர் என்னும் காற்பிடியில் ஆஸ்டினைப் பிணித்தான். ஆஸ்டின் முகமெல்லாம் குருதி வழிந்தது. அவன் ஒப்பவில்லை, ஒப்பாமலே உணர்விழந்தான். நடுவன் போரை நிறுத்தினான். வென்றவன் பிரெட். ஆனால் அவன் அமையவில்லை. கிடந்தவன் காலை மீண்டும் மிதித்தான். ஷாம்ராக் அவனைப் பற்றி இழுத்தெறிந்தான். பிரெட் எதிர்நின்று பொருதாது வெளியேற, இகழ்ச்சியொலி அவனைத் தொடர்ந்தது. உணர்வு பெற்ற ஆஸ்டின் பிறர் துணையை மறுத்துத் தானே நொண்டி நடக்க, அரங்கு முழுதும் அவன் பெயரை முழக்கிற்று. ஒரே போரில் இருவரும் இடம் மாறினர். மற்போர்க் கூத்தில் இதற்கு நிகரான அமைப்பு எனக்குத் தெரிந்து பிறிதொன்று இல்லை.

இங்கும் மிகை வினை உண்டன்றோ என வினவலாம். உண்டு, ஆயின் அதன் அளவை நோக்கல் வேண்டும். ஆந்திரே சிலுவையை அறுத்தான். சாவேஜ் நண்பனை மருத்துவ அறையிற் சென்று தாக்கினான். பிரெட் செய்தது, பல திங்களாகத் தன்னை அலைத்த ஒருவனைப் போர் நின்றபின் சில கணம் கூடுதலாக மிதித்தது. ஆஸ்டின் நாள்தோறும் செய்து வாழ்த்துப்பெற்ற செயலே இது. மிகை சிறிதாதலின் அது குறையை மறைக்கவில்லை. அரங்கினர் வெறுப்பு பிரெட்டின் வினைக்கு மட்டும் உரியதாகத் தோன்றவில்லை. அவன் கூறிய உண்மைக்கும் உரியதாகத் தோன்றியது. அவனை நியாயமுடைய பகைவன் என நாம் உணர்வது இதனாலே.

மறுநாள் அவன் பேசிய பேச்சு இதனை உறுதிப்படுத்தும். உலகெங்குமுள்ள தன் அன்பர்களிடம் அவன் வருத்தம் தெரிவித்தான். ஐக்கிய அமெரிக்க நாட்டவர்க்கு மட்டும் தெரிவிக்க மறுத்தான். தான் மாறவில்லை, அவர்களே மாறினர் என்பது அவன் வழக்கு. எக்காலத்தும் தன்னின் மிக்கார் இலர் என்னும் பொருள்பட அவன் கூறிவந்த பெருமிதவுரை முன்னர்க் கைதட்டல் பெற்றது. அதே உரை ஒரு சொல்லும் மாறாது இப்பொழுது செருக்கெனக் கேட்டது. உரை மாறவில்லை, உடலும் மாறவில்லை. மாறியது கேட்போர் செவி. பார்த்தின் கட்டுரை விட்டுச்சென்ற வினாவிற்கு இதனினும் தெளிந்த விடை கிடைத்தல் அரிது.

பிரெட் அன்றே முணுமுணுப்பவனாக வீழ்ந்துவிட்டான். நியாயம் என்பது அவன்பால் அன்புடையார் பின்னர் ஏற்றிய பொருள் என்பாரும் உளர். அவர் கூற்றில் ஒருபுடை உண்மை உண்டு. இடைவிடாது முறையிடும் தலைவன் சலிப்பூட்டுவான். அச்சலிப்பை வகுத்தோரே வேண்டி விளைவித்தனர் என்பதும் தெளிவு. எனினும் அவர்கள் சூலை 6-இல் கால்கரியில் நிகழ்ந்த போரை மறந்தனர். பிரெட்டும், தம்பி ஓவனும், மைத்துனன்மாராகிய ஜிம் நைட்ஹார்ட்டும் டேவி பாய் ஸ்மித்தும், அவர்களோடு பிரையன் பில்மனும் ஒருபக்கம்; ஆஸ்டின் முதலிய ஐவர் மறுபக்கம். தாயும் தந்தையும் முன்வரிசையில் அமர்ந்திருந்தனர். எல்லைக்குத் தெற்கே பகைவராகிய ஐவரும் அங்கே தலைவராக வரவேற்கப்பெற்றனர்; ஆஸ்டினை இகழ்ச்சியொலி சூழ்ந்தது. அதே மனிதன், அதே திங்கள், இருவேறு பாத்திரம்! வெறும் முணுமுணுப்பாயின் எல்லை கடந்ததும் அது வீரமாதல் யாங்ஙனம்?

அக்கோடைக்குப்பின் கதை தளர்ந்தது என்பதையும் கூறுதல் வேண்டும். அறத்தைப் பற்றிய வழக்கு மெல்ல மெல்ல நாட்டுக்கொடிகளின் பூசலாகச் சுருங்கியது. அமெரிக்கனை இகழும் அயலான் என்பது மற்போரில் தேய்ந்த பழம்பாத்திரம். பிரெட்டின் குறைக்கு இருந்த கூர்மை அதில் மழுங்கியது.

1997 நவம்பர் 9-இல் மாண்ட்ரியல் நகரில் நிகழ்ந்ததை இத்திரிபின் முடிவாகக் கொள்வார் பலர். கூட்டமைப்பை விட்டு நீங்கவிருந்த பிரெட் ஹார்ட்டுக்கு ஒரு முடிவு கூறப்பட்டிருந்தது. ஆனால் அவர் தோல்வியை ஒப்பாதிருக்கவும், மக்மேன் ஆணையால் மணி அடிக்கப்பெற்று, வாகை மைக்கேல்ஸுக்கு உரியதாயிற்று. இது கூத்தன்று, மெய்யான வஞ்சம். இதனைக்கொண்டு, பாத்திரம் முன்னர்க் கூறிய குறைகளெல்லாம் மெய்யாயின என்பார் கூற்று உணர்ச்சிக்கு இனிது, திறனாய்வுக்கு ஒவ்வாது. மார்ச்சுத் திங்களின் நியாயம் அக்கதைக்குள்ளேயே நிறைவுற்றது; நவம்பரின் சான்று அதற்கு வேண்டுவதன்று. எனினும் ஓரிடத்தில் என் எழுத்தும் தடுமாறுகிறது. மணி ஒலித்தபின் களத்தில் நின்று மக்மேன் முகத்தில் உமிழ்ந்து, தாம் செல்லவிருந்த போட்டி நிறுவனத்தின் எழுத்துக்களை விரலால் வானில் எழுதிக்காட்டினாரே, அவ்விடத்தில் ‘அவன்’ என்பதா ‘அவர்’ என்பதா என்பதே அது.