கோட்டைக்குள் ஓர் ஆலயம்: புனித மேரி ஆலயத்தின் அமைப்பும் பயனும்

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையினுள் அமைந்த புனித மேரி ஆலயத்தைப் பற்றி எழுதினோர் பலர். இந்தியாவில் எஞ்சி நிற்கும் ஆங்கிலத் திருச்சபை ஆலயங்களுள் இதுவே பழமையானது என்பதும், 1680இல் எலிகு யேலும் 1753இல் இராபர்ட் கிளைவும் இங்கே மணம் புரிந்தனர் என்பதும் அவர்தம் எழுத்துக்களில் தவறாது இடம்பெறும். ‘கீழைநாட்டு வெஸ்ட்மின்ஸ்டர்’ எனப் போற்றும் வழக்கும் உண்டு. இவையெல்லாம் ஆலயத்துள் வந்து சென்ற மாந்தரைப் பற்றிய செய்திகளேயன்றிக் கட்டடத்தைப் பற்றியன ஆகா. கட்டடம் தன்னைப்பற்றித் தானே கூறுவது யாது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

ஆளுநர் ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் முயற்சியால், கோட்டையில் வாழ்ந்த ஆங்கிலேயர் தம்முள் பொருள் திரட்டி 1678 மார்ச்சு 25ஆம் நாள் அடிப்படையிட்டனர். 1680 அக்டோபர் 28ஆம் நாள் ஆலயம் திருநிலைப்படுத்தப்பட்டது. இக்காலத்தை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். கோட்டைக்குத் தெற்கே சில கல் தொலைவிலுள்ள சாந்தோமை 1672இல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி, 1674 வரை தம்வசம் வைத்திருந்தனர். அவர் அகன்ற நான்கு ஆண்டுகளில் எழத் தொடங்கியது இவ்வாலயம். எனவே, பீரங்கியின் அச்சம் இதன் பிறப்பிலேயே கலந்திருந்தது எனலாம். இதன் அமைப்பை வகுத்தவர் கோட்டையின் பீரங்கிப் படையைச் சார்ந்தவர் என வழங்கும் செய்தி இதனோடு பொருந்துவதேயாகும்.

கட்டடத்தை நோக்குவோம். புறச்சுவர்களின் கனம் 4 அடி. கூரையின் கனம் 2 அடி. நடுக்கூடமும் அதன் இருமருங்கிலும் அமைந்த பக்கக் கூடங்களும் தனித்தனியே செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு வளைத்த கூரைகளை உடையன. கதவு, சன்னல் ஆகியவற்றை ஒழித்தால் கட்டுமானத்தில் மரத்திற்கு இடமில்லை. உத்திரங்களின்மேல் தளம் பரப்பியிருப்பின் வேலை எளிதாயிருக்கும். ஆனால் ஒரு குண்டு விழுந்த அளவில் உத்திரம் முறியும், தீப் பரவும். வளைகூரையோ தன்மேல் விழும் சுமையை இருபுறமும் பகிர்ந்து சுவர்களுக்குச் செலுத்துவது. அதனைத் தாங்கவே சுவர்கள் இத்துணைத் தடிமன் பெற்றன. ஆகவே, உள்ளே நிற்பார்க்கு உண்டாகும் அடக்கமும் உறுதியும் அழகு கருதி மட்டும் விளைந்தன அல்ல. காப்புக் கருதி விளைந்தவை, பின்னர் அழகாகவும் அமைந்தன. 1701இல் முற்றுப்பெற்ற கோபுரமும், 1795இல் புதுப்பித்த அதன் கூர்முடியும், 1884இல் விரிவுற்ற பீடப்பகுதியும் இம்மூல நோக்கத்தின்மேல் பிற்காலம் சேர்த்தவை.

இந்நோக்கம் வீண்போகவில்லை. முற்றுகைக் காலங்களில் ஆலயம் தானியக் களஞ்சியமாகவும் படைவீரர் தங்கும் இடமாகவும் பயன்பட்டது. 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை லாலி நடத்திய முற்றுகையின்போது, கோட்டைக்கு வெளியே, பின்னாளில் சட்டக் கல்லூரி எழுந்த இடத்திலிருந்த இடுகாட்டின் கல்லறைகளைப் பிரெஞ்சுப் படையினர் மறைவிடமாகக் கொண்டனர். பின்னர் அக்கல்லறைகள் இடிக்கப்பட்டுக் கற்கள் ஆலய முற்றத்தில் பதிக்கப்பட்டன. அவற்றுட் சில, ஹைதர் அலியுடன் நிகழ்ந்த போரின்போது பெயர்த்தெடுக்கப்பட்டுப் பீரங்கிகளைத் தாங்கின. இறந்தோர் பெயர் சுமந்த கல் இறப்பை விளைக்கும் கருவியையும் சுமக்க நேர்ந்தது!

‘வழிபாட்டிடம் அரணாவது புதுமையோ? நம் கோயில்களும் அவ்வாறு ஆயினவே’ என வினவலாம். 1752இல் திருவரங்கத்திலும், 1781இல் சிதம்பரத்திலும் கோயில் மதில்கள் படைகளுக்கு அரணாயின என்பது மெய்யே. சிதம்பரத்தில் ஹைதரின் காவற்படை உள்ளிருக்க, சர் அயர் கூட் தாக்கித் தோற்று மீண்டார். ஆயினும் வேற்றுமை பெரிது. அக்கோயில்கள் இறைவனுக்கென எழுந்தவை. அரசர்தம் போர் அவற்றுட் புகுந்தது. புனித மேரி ஆலயமோ போரை எதிர்பார்த்தே எழுந்தது. முன்னையதில் பயன்பாடு கட்டடத்தின்மேல் சுமத்தப்பட்டது. பின்னையதில் பயன்பாடே கட்டடத்தை ஈன்றது. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குதல் ஆராய்ச்சிக்குப் பொருந்தாது.

இதனால் ஆலயத்தின் தூய்மை குறையுமோ எனின், குறையாது என்பதே நம் துணிபு. அஞ்சி வாழ்ந்த ஒரு சிறு கூட்டம் தன் இறைவனையும் உணவையும் உயிரையும் ஒரே கூரையின்கீழ்க் காக்க விழைந்தது. அவ்விழைவைக் கட்டடம் மறைக்கவில்லை. பெருமக்கள் மணவினையைக் கூறிப் புகழ்வோர் அவ்வாய்மையைக் காணாது விடுகின்றனர்.

ஆலயத்தில் இன்றும் வழிபாடு நிகழ்கின்றது. முற்றத்துக் கற்களோ மழையிலும் வெயிலிலும் கிடக்கின்றன. 1652இல் மறைந்த எலிசபெத் பேக்கரின் கல் அவற்றுள் மிகப் பழையது. இலத்தீன், போர்த்துகீசியம், ஆர்மேனியம் முதலிய மொழிகளில் பொறித்த கற்களும் உள. தமிழகக் கடற்கரையில் பன்மொழி மாந்தர் கூடி வாழ்ந்ததற்கு இவை நேர்ச்சான்று. நம் கல்வெட்டறிஞர் கோயிற் சுவர்களைப் படித்த அதே கருத்தோடு இம்முற்றத்தையும் படித்தல் வேண்டும். எழுத்துக்கள் முற்றும் தேய்வதற்குமுன் அது நிகழ்தல் நலம்.