பழத்தோல் சொற்களும் வன்மை அளவுகோலும்: பாவாணரின் சொற்பட்டியல் குறித்த மறுபார்வை

முன்னுரை

பொருள்களின் புறப்பகுதியைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘ஸ்கின்’, ‘பீல்’, ‘ரிண்ட்’, ‘ஷெல்’, ‘ஹஸ்க்’ எனப் பல சொற்கள் உள்ளன. தமிழில் இத்தகைய சொற்களை ஒருங்கு தொகுத்துப் பொருள் வேறுபாடு காட்டியவர் தேவநேயப் பாவாணர் (1902–1981). ‘சொல்லாய்வுக் கட்டுரைகள்’ நூலில் அவர் தந்த பயிர்வகைச் சொற்கள், 2019இல் வெளியான தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் ‘தமிழ்ச்சொல் வளம்’ என்னும் பாடமாக இடம்பெற்றன. அப்பாடத்திட்டத்தைப் பின்பற்றிய புதுச்சேரிப் பள்ளிகளிலும் அது பயிலப்பட்டது. அப்பாடத்தின் பழத்தோல் வகைப்பாட்டை, வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் விளையும் நெல், கரும்பு, தென்னை, மணிலா ஆகியவற்றைக் கொண்டு மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பட்டியலின் இரு நெறிகள்

பாவாணர் இவ்வகையில் எட்டுச் சொற்களைத் தருகிறார். தொலி, தோல், தோடு, ஓடு என்னும் முதல் நான்கும் மென்மையிலிருந்து வன்மை நோக்கிப் படிநிலையாக அமைகின்றன. குடுக்கை, மட்டை, உமி, கொம்மை என்னும் பின் நான்கும் சுரை, தேங்காய், நெல், வரகு எனப் பயிரைச் சார்ந்து விளக்கப்படுகின்றன. ஆகவே ஒரே பட்டியலில் இரண்டு பகுப்பு நெறிகள் கலந்துள்ளன. ஒருபொருட் பன்மொழியாகக் கருதத்தக்க சொற்களுக்கிடையே நுண்வேறுபாடு உண்டெனக் காட்டியது பாவாணரின் பெரும்பங்களிப்பு. எனினும் அவ்வேறுபாட்டிற்கு வன்மை ஒன்றே அளவுகோலாகுமா என்பது ஆராயத்தக்கது.

வன்மை அளவுகோலின் போதாமை

கரும்பின் புறப்பகுதி பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டிய அளவு வன்மையுடையது. வழக்கில் அது தோலே. பழுத்த புளியின் புறப்பகுதி விரலால் அழுத்த நொறுங்குவது. வழக்கில் அது ஓடு. பற்றின்மைக்குப் புளியம்பழத்தையும் ஓட்டையும் உவமையாகக் கூறும் மரபு, ஓடு என்பது உள்ளீட்டிலிருந்து விலகி நிற்பது என்னும் கருத்தை உட்கொண்டுள்ளது. பச்சைத் தேங்காயில் பருப்போடு ஒட்டியிருக்கும் ஓடும், காய் உலர்ந்து கொப்பரையாகும்போது கழன்றுவிடுகிறது. வட்டார வழக்கில் மல்லாட்டை எனப்படும் மணிலாவில் இரு புறப்பகுதிகளும் அடுத்தடுத்து அமைகின்றன: வெளியே உடைபடும் ஓடு, உள்ளே பருப்போடு ஒட்டிய தோல். இங்குச் சொற்களைப் பிரிப்பது ஒட்டுதலும் விலகுதலுமே.

வினையோடு இயைந்த பெயர்கள்

இச்சொற்கள் ஏற்கும் வினைகளும் இதனை உறுதிப்படுத்துகின்றன. ஓடு உடைக்கப்படும், தோல் உரிக்கப்படும் அல்லது சீவப்படும், மட்டை உரிக்கப்படும், உமி குத்திப் புடைத்து நீக்கப்படும், தவிடு தீட்டப்படும்போது பிரியும். நெல்லின் இரு புறப்படலங்களுள் உமி மட்டுமே பாவாணரின் இவ்வகைப்பாட்டில் உள்ளது, தவிடு இல்லை. உமி அடுப்பிற்கும் தவிடு மாட்டிற்கும் செல்லும் ஊர்களில் இவ்விரண்டும் வேறுவேறு பொருள்கள். கரும்பின் தண்டைத் தழுவிய உலர்ந்த இலைகளாகிய சோகையும் அவ்வாறே. ‘சோகை உரித்தல்’ என்பது உழவுப் பணியொன்றின் பெயர். தொலி என்னும் பெயருக்கு இணையாகத் தொலித்தல் என்னும் வினையும் உண்டு. ஆங்கிலப் ‘பீல்’ என்னும் பெயரும் உரித்தலைக் குறிக்கும் வினையிலிருந்து தோன்றியதே.

தொல்காப்பிய மரபியலும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அது புறத்தே வைரமுடையவற்றைப் புல் எனவும் அகத்தே வைரமுடையவற்றை மரம் எனவும் பகுக்கிறது; தோலையும் செதிளையும் இருவகைக்கும் பொதுவாக வைக்கிறது. வன்மை எவ்வளவு என்பதைவிட அது எங்குள்ளது என்பதே அங்கு வகுக்கும் நெறியாகிறது.

மொழிபெயர்ப்பிலும் கற்பித்தலிலும் விளைவு

‘ஹஸ்க்’ என்னும் ஆங்கிலச் சொல் நெல்லின் உமியையும் தேங்காயின் மட்டையையும் ஒருங்கே குறிக்கும். ‘ஷெல்’ என்பது முட்டையோட்டையும் கொட்டாங்குச்சியையும் குறிக்கும். ‘ரிண்ட்’ தர்பூசணியின் புறத்தையும் பாலாடைக்கட்டியின் புறத்தையும் குறிக்கும். புதுச்சேரிக்கு அயலல்லாத பிரெஞ்சிலும் ‘எகோர்ஸ்’ மரப்பட்டைக்கும் ஆரஞ்சுத் தோலுக்கும் பொதுவானது. எனவே ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என இணைக்கும் இருமொழி அகராதிகள் வேளாண் மொழிபெயர்ப்பில் பிழைக்கு வழிவகுக்கும். ‘ஹஸ்க்’ என்பதற்கு ‘உமி’ என மட்டும் பொருள் தந்தால், தேங்காய் மட்டைக்கு இடமில்லாமற் போகும்.

கற்பித்தலில் இழப்பு இதனினும் பெரிது. களத்துமேட்டில் உமியையும் தவிட்டையும் பிரித்தறிந்த பாகூர் மாணவர், தேர்வுக்காக வன்மைப் படிநிலையை மனனம் செய்யும்போது, தாம் அறிந்த பகுப்பு பாடத்திற்குப் புறம்பானதாகிவிடுகிறது.

முடிவுரை

பாவாணரின் பட்டியல் முடிந்த வகைப்பாடு அன்று, விரிக்கத்தக்க தொடக்கம். புறப்பகுதிச் சொற்களை வன்மையோடு, உள்ளீட்டுடன் அவை கொள்ளும் உறவு, நீக்கும் வினை, நீக்கியபின் பெறும் பயன் ஆகியவற்றாலும் விளக்குதல் வேண்டும். அகராதிப் பதிவுகள் பெயரோடு அதற்குரிய வினையையும் தருமாயின், தவிடும் சோகையும் தமக்குரிய இடத்தைப் பெறும். வட்டார வழக்கும் பாடநூலும் ஒன்றையொன்று நிறைவுசெய்யும்.