ஏரியின் சாட்சி

நாவலில் காடும் மலையும் வர்ணிக்கப்படும் இடம் வந்தால், இரண்டு பக்கத்தைத் தள்ளிவிட்டுக் கதைக்குப் போகிற வாசகர்கள் உண்டு. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. குற்றம் பெரும்பாலும் எழுதுகிற எங்களுடையதுதான். ஆனால் தியோடர் டிரைசரின் 'ஆன் அமெரிக்கன் டிராஜெடி' (1925) நாவலில் வரும் ஏரியை அப்படித் தள்ள முடியாது. தள்ளினால் கதையே போய்விடும்.

கதையின் கரு உண்மைச் சம்பவம். நியூயார்க் மாநிலத்தின் வடக்கே அடிரான்டாக் என்ற மலைக்காடு இருக்கிறது. அங்குள்ள பிக் மூஸ் ஏரியில் 1906 ஜூலையில் கிரேஸ் பிரௌன் என்ற தொழிற்சாலைப் பெண் மூழ்கி இறந்தாள். அவள் அப்போது கர்ப்பிணி. படகில் உடன் போன காதலன் செஸ்டர் ஜில்லெட்டுக்கு 1908-இல் மரண தண்டனை நிறைவேறியது. 1923-இல் டிரைசர் அந்த ஏரிக்கே நேரில் போய்ப் பார்த்தார். நாவலில் அதற்குப் 'பிக் பிட்டர்ன்' என்று பெயர் வைத்தார்.

கதாநாயகன் கிளைட், ராபர்ட்டாவை அங்கே அழைத்துப் போகக் காரணம் அந்த இடத்தின் தனிமை. கரையைச் சுற்றிலும் கருத்து அடர்ந்த பைன் மரங்கள், ஒரு விடுதி, நாலைந்து மனிதர்கள். யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவன் நினைக்கிறான். அவன் போட்ட தப்புக் கணக்கே அதுதான். நகரத்து ஜனக்கூட்டத்தில் ஒரு முகம் யாருக்கும் நினைவிருக்காது. ஆளில்லாத காட்டிலோ, வந்தவன் ஒருவன்தான்; பார்த்தவர் எவரும் மறக்கமாட்டார். 'இவன் ஏன் பெட்டியையும் படகில் ஏற்றிக்கொண்டு போகிறான்?' என்பது படகுத்துறைக்காரனின் மனத்தில் தங்கிவிடுகிறது. இரவில் காட்டுப் பாதையில் எதிர்ப்பட்ட மூன்று பேர் பின்னால் சாட்சிகளாகிறார்கள். ஒளித்துக்கொள்ளப் போன இடமே அவனைக் காட்டிக் கொடுக்கிறது.

ஏரியின் நடுவில் அவனுக்குத் துணிவு போய்விடுகிறது. தன்னை நெருங்கி வரும் அவளை விலக்கக் கையை வீசுகிறான். கையிலிருந்த காமிரா அவள் முகத்தில் படுகிறது. நினைத்து அடித்ததல்ல. படகு கவிழ்கிறது. அவள் கூப்பிட, அவன் கரைக்கு நீந்திவிடுகிறான். இது கொலையா? கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. ஆனால் அந்தத் தண்ணீரில் என்ன நடந்தது என்பதை, கிளைடைத் தவிர, கூட இருந்து பார்த்தவர்கள் வாசகர்கள்தாம். அந்தப் பொறுப்பை நம் தலையில் ஏற்றிவைப்பதற்காகவே டிரைசர் அவ்வளவு ஆளற்ற ஏரியைத் தேடியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

குறையும் உண்டு. பேய்க்குரலில் ஒரு பறவையைக் கத்தவிட்டு நம்மைப் பயமுறுத்துகிறார். ஏரியின் மௌனமே போதும் என்ற நம்பிக்கை அவருக்கு அந்த இடத்தில் இல்லை.

இதைப் படித்து முடித்ததும் என் நாவல்களில் ஏரிக்கரை வரும் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். அவற்றை எடுத்துவிட்டாலும் கதைக்கு ஒன்றும் நேராது. அந்த உண்மை சந்தோஷம் தரவில்லை.