முடியாத வரலாற்றுக்கு எத்தனை ஸ்லைடு?

உரிமைப் போராட்டங்களைப் பற்றிய மாணவர் கண்காட்சி என்றால் நம்மிடம் ஒரு டெம்ப்ளேட் இருக்கிறது. சார்ட்டில் தலைவர்கள் படம், டிவியில் ஓடும் ஸ்லைடுகள், பின்னணியில் புல்லாங்குழல், கடைசி ஸ்லைடில் 'நன்றி'. இப்போது க்யூஆர் கோடும் சேர்ந்துகொண்டது. தொழில்நுட்பம் ஏறியிருக்கிறதே தவிர கதை மாறவில்லை: அப்போது கொடுமை இருந்தது, பெரியவர்கள் போராடினார்கள், சட்டம் வந்தது, சுபம்.

இந்தக் கதைக்குள் அடங்காத ஊர் செங்கல்பட்டு. 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு, டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் இங்கேதான் நடந்தது. பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும், பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும், மணவிலக்கு உரிமை வேண்டும் என்றெல்லாம் தீர்மானங்கள் போட்டார்கள். ஒரே ஸ்லைடில் அழகாக அடங்கிவிடும். பிரச்சினையே அதுதான்.

1956 சட்டம் அப்பாவின் தனிச்சொத்தில் மகளுக்குப் பங்கு கொடுத்தது. பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை தமிழ்நாட்டில் வந்தது 1989இல்; அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு அதுவும் கிடையாது. நாடு முழுமைக்கும் வர 2005 ஆனது. காலக்கோட்டில் 1929க்கும் 1989க்கும் நடுவே இரண்டு அங்குல வெற்றிடம் இருக்கும். கண்காட்சி வைக்க வேண்டிய இடம் அந்த வெற்றிடம்தான். "நீங்க எங்க கையெழுத்து போட்டீங்க?" என்று மாணவர்கள் தங்கள் அத்தையிடமும் பாட்டியிடமும் கேட்டுப் பதிவு செய்யலாம். பங்கை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுக்கும் காகிதத்துக்கு நம் பத்திர எழுத்தர்கள் வைத்திருக்கும் பெயர் 'விடுதலைப் பத்திரம்'. இதைவிடக் கூர்மையான தலைப்பு எந்தக் காட்சிக்கும் கிடைக்காது.

இன்னொரு வெற்றிடம் நிலம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர், பறையர் மக்களின் நிலையைப் பற்றி 1891இல் அரசுக்கு அறிக்கை எழுதினார். மறுவருடம் பிறந்த உத்தரவுகளிலிருந்து வந்தவைதான் பஞ்சமி நிலங்கள். மாகாணம் முழுக்கப் 12 லட்சம் ஏக்கர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. முதல் பத்து வருடம் கைமாற்றக் கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. ஆனாலும் நிலம் கைமாறியது. 1994இல் மாமல்லபுரம் பக்கத்துக் காரணை கிராமத்தில் அந்த நிலத்தைக் கேட்டுத் தலித் மக்கள் போராடினார்கள். அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். ஏழாம் நூற்றாண்டுக் கற்களைப் பார்க்க மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறும் பள்ளிகள், இந்தப் பக்கம் திரும்புவதில்லை.

திரும்பினாலும் டெம்ப்ளேட் விடாது: இரண்டு படம், இரண்டு மாலை. கேட்டது நிலத்தை, கிடைத்தது ஸ்லைடு. ஒரு புல எண்ணுக்கான 'அ' பதிவேட்டை இன்று ஆன்லைனிலேயே பார்க்கலாம். அது இன்றைய பெயரைக் காட்டும். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று காட்டாது. எங்கள் வேலையில் இதற்கு ஆடிட் லாக் என்று ஒன்று உண்டு: யார், எப்போது, எதை மாற்றினார்கள். நல்ல கண்காட்சி அந்த லாகைத் தேடிப் போக வேண்டும்.

"சின்னப் பசங்ககிட்ட எதுக்கு சார் இதெல்லாம்? பெத்தவங்க சண்டைக்கு வருவாங்க" என்பார்கள். பயம் நியாயமானது. நிலத்தை இழந்தவரின் பேத்தியும் வாங்கியவரின் பேரனும் ஒரே வகுப்பில் இருக்கலாம். அதனால் உரிமையாளர் பெயரைச் சுவரில் ஒட்டக் கூடாது. நிபந்தனையையும் கேள்வியையும் மட்டும் வைத்தால் போதும். ஆனால் ஊர் எது, காலனி எது என்பது அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றாம் வகுப்பிலேயே தெரியும். ஏன் என்பதைத்தான் நாம் சொல்வதில்லை.

மெம்பிஸில் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட லொரெய்ன் மோட்டல் 1991இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அதற்காக 1988இல் வெளியேற்றப்பட்ட ஜாக்குலின் ஸ்மித், இந்தப் பணத்தை ஏழைகளுக்குச் செலவிடுங்கள் என்று எதிரிலேயே பல்லாண்டுகள் உட்கார்ந்திருந்தார். உள்ளே இருந்த காட்சிகளைவிட அவர் உட்கார்ந்திருந்ததே கிங்கின் கேள்விக்கு அருகில் இருந்தது என்பேன்.

மதிப்பெண் போடும் ஆசிரியர்களிடம் ஒரே வேண்டுகோள். கடைசி ஸ்லைடில் 'நன்றி' இருந்தால் ஐந்து மார்க் குறையுங்கள். பதில் தெரியாத ஒரு கேள்வி இருந்தால் பத்து மார்க் கூட்டிப் போடுங்கள்.